ஈர மூலையை மூடுவதற்கு முன்...

மலையும் வயலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

“மேக்கரை மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அதன் மேல்மூலையில் 15 சென்ட் அளவுக்கு எப்போதும் ஈரமாகவே கிடக்கும். சித்திரை வெயிலிலும் கால் வைத்தால் புதையும். போன மாதம் ஒரு கன்றுக்குட்டி சிக்கிக்கொண்டது. ஜே.சி.பி வைத்து வடிகால் வெட்டி, செம்மண் அடித்து மேடாக்கி, தென்னை வைத்துவிடலாம் என்கிறான் என் மகன். மாமியாரோ ‘அதைத் தொடவே கூடாது’ என்கிறார். யார் சொல்வது சரி?”

– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்.

சகோதரி, நான் உங்கள் மாமியார் கட்சி. ஆனால் ‘பெரியவர்கள் சொன்னால் சரியாக இருக்கும்’ என்று மட்டும் பதில் சொன்னால் உங்கள் மகன் ஏற்கமாட்டார். காரணம் கேட்பார். கேட்கவும் வேண்டும். அந்தக் காரணம் எனக்குப் புரிந்த இடம் நீலகிரியில் இருக்கிறது. அங்கே ஒரு நடை போய்விட்டு உங்கள் மேல்மூலைக்குத் திரும்புவோம்.

தரை ஆடும் பள்ளத்தாக்கு

ஒரு அக்டோபர் மாதம். ஊட்டிக்கு அந்தப் பக்கம், அவலாஞ்சிக்கு மேலே, வனத்துறை அனுமதியோடு நடந்தோம். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள இடம் அது. வழிகாட்டியாக வந்தவர் தோடர் இனத்து இளைஞர்.

குற்றாலத்துச் சாரலில் வளர்ந்தவனுக்கு மலையும் மழையும் புதிதில்லை. ஆனால் அந்த மலை வேறு மாதிரி இருந்தது. நம் பக்கம் அடிவாரத்திலிருந்து உச்சி வரை மரம் அடர்ந்திருக்கும். அங்கே மேடெல்லாம் வெறும் புல். இரண்டு மேடு சேரும் மடிப்புகளில் மட்டும் குட்டை குட்டையாக, குடை விரித்தது போலச் சோலைக்காடு. அதற்கும் கீழே, பள்ளத்தின் அடியில், பச்சைப் பாய் விரித்தது போல ஒரு சமவெளி.

நெல் நாற்றங்கால் மாதிரி இருக்கிறதே என்று நான் அந்தப் பாய்மேல் இறங்கப் போனேன். “அண்ணா, நில்லுங்க. முதல்ல கம்பை ஊன்றிப் பாருங்க” என்றார் வழிகாட்டி. கம்பை ஊன்றினேன். முழங்கை ஆழத்துக்கு வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. ஓரமாக, புல் குத்துகளின் மேல் மட்டும் கால் வைத்து நடக்கச் சொன்னார். ஒரு குத்தின் மேல் நின்று லேசாகக் குதித்தேன். நான்கடி தள்ளி இருந்த புல் ஆடியது. தரையே ஆடுகிறது!

அதுதான் மலைச் சதுப்பு. அங்கே காலடியில் இருந்த பாசியில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தேன். ஊறப்போட்ட துணியைப் பிழிந்தது போலத் தண்ணீர் ஒழுகியது. நிறம் மட்டும் கடுங்காப்பி. பிழிந்த பாசியை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார் வழிகாட்டி. வைத்தேன்.

அங்கே யார் யார் இருக்கிறார்கள்?

மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத இடம். உட்கார்ந்து பார்த்தால் ஊரே இருக்கிறது.

முதலில் கண்ணில் பட்டது அழுகண்ணி. இலையின் முடிகளில் பசைத்துளி மின்னிக்கொண்டிருக்கும் சிறு செடி. ஒரு கொசு அதில் ஒட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தது. செடி ஏன் பூச்சியைத் தின்கிறது? விவசாயிக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும். சதுப்பு மண்ணில் எடுத்துக்கொள்ளும் நிலையில் தழைச்சத்து மிகக் குறைவு. மண்ணில் கிடைக்காததைப் பூச்சியின் உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது அது.

ஓரத்தில் ஆழமான குளம்படிகள். மிளா வந்து சேற்றில் புரண்டு போயிருக்கிறது. ஓடைக் கல்லின் மேல் நண்டு ஓட்டுத் துண்டுகள் நிறைந்த எச்சம். ‘நீர்நாய்’ என்றார் வழிகாட்டி. நண்டும் மீனும் ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஓடையில்தான் நீர்நாய் நிலைக்கும். அந்த எச்சமே தண்ணீருக்கு ஒரு சான்றிதழ். புல்லுக்குள்ளிருந்து பழுப்புநிறக் குருவி ஒன்று எழும்பி, பத்தடி தள்ளி மறுபடி புல்லுக்குள்ளேயே இறங்கியது. நீலகிரி நெட்டைக்காலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. ஈரப் புல்வெளி போனால் அதற்குப் போக வேறு இடமில்லை.

தூரத்துப் பாறை விளிம்பில் நான்கு புள்ளிகள் அசைந்தன. வரையாடு, நம் மாநில விலங்கு. அதைக் காப்பதற்காக 78 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்ததுதான் பக்கத்திலுள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்கா.

தோடர்களுக்கும் இந்தச் சதுப்புக்கும் உள்ள உறவை வழிகாட்டி சொன்னார். அவர்கள் கோயில் கூரை வேய ஒருவகைப் புல் வேண்டும். அது சதுப்பில்தான் வளரும். “சதுப்பு காய்ஞ்சா எங்க கோயிலுக்குக் கூரை இல்லை அண்ணா” என்றார். ஒரு நிலம் எதற்குப் பயன்படுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மக்காத குப்பை, ஊறிய மண்

இந்தச் சதுப்பு எப்படி உருவாகிறது? உங்கள் கம்போஸ்ட் குழியை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் நின்றுவிட்டால் என்ன ஆகும்? குப்பை மக்காது. அப்படியே ஊறிக் கிடந்து நாறும். காற்று போகாததால் மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்வதில்லை.

மலைப் பள்ளத்தில் நடப்பதும் அதேதான். தண்ணீர் நிற்கிறது, குளிரும் சேர்கிறது. செத்த புல்லும் பாசியும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிகின்றன. அப்படிச் சேரும் கரிய மண்ணுக்கு ‘பீட்’ என்று பெயர். நாம் நாற்றங்காலுக்கு வாங்கும் ‘கோகோ பீட்’ பெயரில் பாதி அங்கிருந்து வந்ததுதான். வெளிநாடுகளில் சதுப்பை வெட்டியெடுத்துத் தோட்டங்களுக்குப் போட்டார்கள். அதற்கு மாற்றாகத் தென்னை நார்க்கழிவு வந்ததால் ‘கோகோ’வைச் சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீரைப் பிடித்துவைக்கும் குணம் இரண்டுக்கும் உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம். நார்க்கழிவு ஆலையில் தினமும் கிடைக்கும். பீட் பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் சேரும். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் எடுத்த பீட் மண்ணை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே எப்போது மழை கூடியது, எப்போது குறைந்தது, எப்போது புல் பெருகியது, எப்போது காடு பெருகியது என்று விஞ்ஞானி ஆர்.சுகுமாரும் அவருடைய குழுவினரும் கணித்தார்கள். 1993-ல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது. மலையின் கணக்குப் புத்தகம் அந்தச் சேற்றுக்குள் இருக்கிறது.

உலக நிலப்பரப்பில் இப்படிப்பட்ட பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகக் காடுகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கரிமம் அந்த 3 சதவீதத்துக்குள் இருக்கிறது.

பஞ்சு என்று சொல்லலாமா?

‘மலைச் சதுப்பு ஒரு பஞ்சு’ என்று பலரும் சொல்வார்கள். பாதி சரி. முழுதாக ஊறிய பஞ்சு அதற்குமேல் ஒரு சொட்டும் ஏற்காது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ-க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையை எந்தச் சதுப்பும் நிறுத்திவைக்க முடியாது. அன்று நீலகிரியில் வெள்ளமும் வந்தது, மண்ணும் சரிந்தது.

சதுப்பு தனியாக வேலை செய்வதில்லை. மேட்டுப் புல் மழையின் வேகத்தைத் தணிக்கிறது. சோலையின் மண் குடிக்கிறது. சதுப்பு அந்தக் கசிவை வாங்கி, பரப்பி, மெதுவாக ஓடைக்கு விடுகிறது. மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு குடும்பம்.

இதைச் சோதிக்கவே அடுத்த முறை ஜனவரி கடைசியில் போனேன். மழை ஓய்ந்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. காலையில் புல்லெல்லாம் உறைபனியில் உப்புப் பூத்தது போல வெளுத்திருந்தது. அழுகண்ணி காய்ந்து மறைந்துவிட்டது. ஆனால் சதுப்பின் வாயிலிருந்து ஓடை ஓடிக்கொண்டேயிருந்தது. இப்படிப்பட்ட ஓடைகள் சேர்ந்துதான் பவானி ஆறு. அந்தத் தண்ணீரை நம்பிக் கீழே ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் கீழ்பவானிப் பாசனத்தில் மட்டும் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது.

குடும்பத்தில் ஒருவரை மாற்றினால் என்ன ஆகும்? வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ‘சும்மா கிடக்கும் புல்வெளி’ என்று நினைத்துச் சீகை மரமும் தைலமரமும் பைனும் நட்டார்கள். ஊட்டியிலுள்ள மத்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் கிளன்மார்கன் பகுதியில் இதை அளந்தே பார்த்தார்கள். அக்கம்பக்கமாக இரண்டு நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேல் தைலமரம் நட்டார்கள். முதல் பத்து ஆண்டில் தைலமரம் நட்ட பக்கம் தண்ணீர் வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டித் துளிர்க்கவிட்ட அடுத்த சுற்றில் குறைவு இன்னும் கூடியது. மரம் நடுவது நல்ல காரியம்தான். எந்த மரம், எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

வடிகால் வெட்டினால்? தண்ணீர் இறங்கும், காற்று நுழையும், ஆயிரக்கணக்கான ஆண்டு மக்காமல் இருந்தது மக்கத் தொடங்கும். தரை அமுங்கும். இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற சதுப்பை வடித்தபோது, 1851-ல் ஓர் இரும்புக் கம்பத்தை அதன் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அந்தக் கம்பம் தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் நிற்கிறது. கம்பம் வளரவில்லை, நிலம் இறங்கிவிட்டது. இப்போது அந்த நாட்டில், வெட்டிய வடிகால்களையே பல மலைகளில் காசு செலவழித்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் மேல்மூலைக்கு வருவோம்

உங்கள் நிலத்தில் இருப்பது நீலகிரியில் உள்ளது போன்ற பீட் இல்லை. நம் வெயிலுக்கு அவ்வளவு மக்கு சேராது. பெரும்பாலும் மலையிலிருந்து இறங்கும் ஊற்றுக் கசிவாக இருக்கும். ஆனால் வேலை ஒன்றுதான். மேலே பிடித்துவைத்து, கீழே மெதுவாக விடுவது. உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து நிலத்துக் கிணற்றுக்கும் பங்குனியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள்.

நான் இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் நிலத்திலும் ஒரு ஊத்துப்பள்ளம் இருந்தது. ‘அதுதாம்லே நம்ம கிணத்துக்குத் தாய்’ என்பாள் ஆச்சி. அவள் போன பிறகு, கால் ஏக்கர் வீணாகிறதே என்று நான்தான் ஆள் விட்டு வாய்க்கால் வெட்டினேன். முதல் கார் பருவத்தில் நெல் நன்றாக விளைந்தது. இரண்டாம் ஆண்டு பங்குனியில் கிணற்றின் அடிப்படிக்கட்டு வெளியே தெரிந்தது. மூன்றாம் ஆண்டு ஆழ்துளைக் கிணறு போட்டோம். வாய்க்காலை மறுபடி மூடினேன். கொஞ்சம் ஈரம் திரும்பியது. பழைய ஊற்று திரும்பவில்லை. கால் ஏக்கர் நெல்லில் கிடைத்த லாபத்தைப் போலப் பல மடங்கு அந்த ஆழ்துளைக் கிணற்றுக்குப் போனது. உங்கள் மகனுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை:

1. முதலில் காரணம் கண்டுபிடியுங்கள். ஈரத்தின் மேல்பக்கம், நடு, கீழ்பக்கம் என மூன்று இடத்தில் மூன்றடிக் குழி தோண்டுங்கள். தை முதல் சித்திரை வரை வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை ஒரு குச்சியில் குறித்து வாருங்கள். கோடையிலும் மட்டம் நின்றால் அது ஊற்று. மழை நின்றதும் மளமளவென்று இறங்கினால், எங்கோ ஓடை அடைபட்டு நீர் தேங்குகிறது என்று பொருள். அப்படியானால் அடைப்பை எடுத்தாலே போதும்.

2. புலப்படத்தைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால், அந்த மூலையில் ஓடைப் புறம்போக்கு எதுவும் செல்கிறதா என்று தெரிந்துவிடும். ஓடையை மூடினால் பிறகு சட்டச் சிக்கலும் வரும்.

3. ஊற்றுக்கண்ணைத் தொடாதீர்கள். குட்டை வேண்டுமானால், ஈரம் முடியும் கீழ்ப்பக்கம் சிறியதாக வெட்டுங்கள். வழிந்து வரும் தண்ணீர் மட்டும் அதில் சேரட்டும். கொசு வராமலிருக்கக் கொஞ்சம் கெண்டைக்குஞ்சு விடுங்கள்.

4. ஈரத்துக்கு ஏற்ற பயிர் வையுங்கள். சேம்பு, வல்லாரை, கோரை இங்கே வரும். கரையோரம் வெட்டிவேர், கொஞ்சம் தள்ளி நீர்மருது, பூவரசு. தைலமரம் வேண்டாம். தென்னைக்கு ஈரம் பிடிக்கும், ஆனால் வேர் நீரில் நிற்பது பிடிக்காது. செம்மண் அடித்து வைத்தாலும் வேர் கீழே இறங்கியதும் தடுமாறும். தென்னையைக் கீழே, வடிகால் உள்ள பகுதியில் வையுங்கள்.

5. வேலி போடுங்கள். கன்று சிக்கியது மட்டும் ஆபத்து இல்லை. சதுப்போரத்துப் புல்லை மேயும் ஆடு, மாடுகளுக்கு நத்தை மூலம் கல்லீரல் தட்டைப்புழு வரும். கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி அமையுங்கள். ஏற்கெனவே அங்கே மேய்ந்த கால்நடைகளுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள்.

மீதி இரண்டு ஏக்கருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது, உங்கள் வயலையே ஈரம் பிடிக்கும் மண்ணாக மாற்றும் வேலை. தொழுவுரம், தக்கைப்பூண்டு, மூடாக்கு என்று உங்களுக்குத் தெரிந்த வழிகள்தான்.

“நாங்களும் அந்த மாதிரிச் சதுப்பைப் போய்ப் பார்க்கலாமா?”

– கல்லூரி மாணவர், பாவூர்சத்திரம்.

அனுமதி இல்லாமல் போகக் கூடாது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. 40 மலைப்பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு நடக்கலாம். அவலாஞ்சி – கோலாரிபெட்டா பாதையும் அதில் இருக்கிறது. நம் குற்றாலம் – செண்பகாதேவி பாதையும் இருக்கிறது. கோடையில் காட்டுத்தீ ஆபத்தால் பாதைகளை மூடுவார்கள். தேதி பார்த்துக் கிளம்புங்கள்.

ரப்பர் பூட்ஸ் அல்லது நன்றாக நனைந்தாலும் பரவாயில்லை என்ற காலணி, ஒரு கம்பு, மாற்று உடை, கம்பளிச் சட்டை போதும். சதுப்பின் நடுவே நடக்காதீர்கள். ஒரு காலடிக் குழி ஆற ஆண்டுகள் ஆகும், அதிலேயே தண்ணீர் வழி பிடித்தால் வடிகாலாகிவிடும்.

“நம் பக்கம் சதுப்பே கிடையாதா?”

– வாசகர், செங்கோட்டை.

உங்கள் ஊருக்கு மிகப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆரியங்காவு கணவாயைத் தாண்டி, தென்மலையை அடுத்த செந்துருணி சரணாலயம், குளத்துப்புழை, அஞ்சல் பகுதிகளில் காட்டு ஜாதிக்காய்ச் சதுப்புக் காடுகள் உள்ளன. நீலகிரியில் இருப்பது குளிர்மலைச் சதுப்பு. இது தாழ்வான வெப்பக்காட்டுச் சதுப்பு. மரங்களின் வேர்கள் மூச்சு விடுவதற்காக முழங்கால் மடக்கியது போலச் சேற்றுக்கு மேலே வளைந்து எழுந்து நிற்கும். முன்பு இவற்றில் பெரும்பகுதியை வயலாகவும் பாக்குத் தோப்பாகவும் மாற்றிவிட்டார்கள். இப்போது மிஞ்சியிருப்பவை சிறு சிறு துண்டுகள்தான்.

மேக்கரை சகோதரிக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் மாமியாரிடம் அந்த மூலைக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். ஊத்துப்பள்ளம், உளை, சொதசொதப்பு என்று ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். மற்ற வாசகர்களும் உங்கள் ஊர் ஈரமூலையின் பெயரையும், அது கோடையில் எதுவரை தாங்குகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறேன். பெயர் இருக்கும் வரை ஜே.சி.பி கொஞ்சம் தயங்கும்.